மொழியறியாத் துளி

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒருநாள் மாலை, சந்தைக்குச் சென்று திரும்பிய முதியவர் ஒருவர் நான்கு சாலைகள் கூடும் இடத்தில் கால்மணி நேரம் அசையாமல் நின்றார். கையிலிருந்த பையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இருந்தன. வீடு அங்கிருந்து கூப்பிடு தொலைவு. அந்தத் தெருவில் அவர் குடியேறி இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பக்கத்து வீட்டுப் பையன் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்து, "பாட்டி, தாத்தா வழி தெரியாம நின்னுக்கிட்டு இருந்தாரு" என்றபோது அவருடைய மனைவி, "வெயிலுப்பா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். முப்பத்து மூன்று ஆண்டுகள் கரும்பலகையின்முன் நின்றவர். திருக்குறளில் எண்ணைச் சொன்னால் பாடலையும், பாடலின் முதற்சீரைச் சொன்னால் எண்ணையும் தயங்காது கூறுவார். அன்று மாலையும் கூறினார். ஆனால் மின்கட்டணத்தை ஒரே மாதத்தில் மூன்று முறை கட்டியிருந்தார். மகளின் ஊர் எதுவென்று ஒரே உணவுவேளையில் நான்கு முறை கேட்டார். இவற்றையெல்லாம் அவர் மனைவி இரண்டு ஆண்டுகளாக அறிவார். அறிந்தும் பிறர் அறியாதவாறு, கணவர் பாதியில் நிறுத்திய வாக்கியங்களைத் தாமே முடித்துக் காத்து வந்தார். "வயசாச்சு" என்னும் ஒரு சொல் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ நோய்களுக்குத் திரையாக நிற்கிறது.

மகள் வந்து பிடிவாதமாக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். அங்கே முப்பது மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு தேர்வு நடத்தினர். 1975ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஃபோல்ஸ்டீனும் அவர்தம் துணைவர்களும் வகுத்து, உலகெங்கும் பரவிய வினாநிரல் அது. இன்று என்ன தேதி, எந்த மாநிலம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வருக, ஒரு வாக்கியம் எழுதுக, ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைக என்றவாறு அமைந்த வினாக்கள். ஆசிரியர் இருபத்தெட்டு மதிப்பெண் பெற்றார். வாழ்நாளெல்லாம் தேர்வு நடத்தியவருக்குத் தேர்வு எழுதத் தெரியாதா? அவர் எழுதிய வாக்கியத்தில் ஒற்றுப்பிழைகூட இல்லை.

அதே குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வாழும் மூதாட்டி ஒருவரும் அந்த ஆண்டில் அதே தேர்வுக்கு உட்பட்டார். அவர் பன்னிரண்டு வயதில் தோட்டத்தில் பெரட்டுக்கு நின்றவர். பள்ளி வாசலை மிதிக்காதவர். நாளொன்றுக்கு நானூறு ஐந்நூறு பால்மரங்களை வெட்டி, தம் நிரையில் எந்த மரத்திற்குப் பட்டை கெட்டுவிட்டதென்று மனத்திலேயே கணக்கு வைத்திருந்தவர். பென்சிலைப் பிடித்து அறியாத அந்தக் கையில் ஐங்கோணம் எவ்வாறு வரும்? வினாக்கள் மலாயில் கேட்கப்பட்டுத் தாதி ஒருவரால் தமிழாக்கப்பட்டன. மூதாட்டிக்கு வலக்காது சரியாகக் கேட்பதும் இல்லை. பதினான்கு மதிப்பெண். மறதிநோய் இருக்கலாமென்று எழுதப்பட்ட தாளுடன் வீடு திரும்பினார். பின்னர் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவருக்குத் தைராய்டுச் சுரப்பு மிகக் குறைந்திருந்தது தெரியவந்தது. நாள்தோறும் ஒரு மாத்திரையும் காதுக்கு ஒரு கருவியும் கிடைத்தபின், ஆறு மாதத்தில் தீபாவளிக்குத் தாமே முறுக்குப் பிழிந்தார்.

நல்ல மாணவனுக்குக் குறைந்த மதிப்பெண்ணும், பாடம் ஏறாத மாணவனுக்கு நிறைந்த மதிப்பெண்ணும் தரும் வினாத்தாளை எந்தத் தலைமையாசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார். ஆயினும் உலகின் பெரும்பகுதியில் மறதிநோய் இத்தகைய வினாத்தாள்களாலேயே அளக்கப்படுகிறது. மலேசிய நாட்டில் 2018ஆம் ஆண்டில் நடைபெற்ற தேசிய உடல்நல ஆய்வு, அறுபது வயதைக் கடந்தவர்களுள் நூற்றுக்கு 8.5 பேருக்கு மறதிநோய் இருக்கக்கூடும் என்று கணித்தது. பள்ளிக்குச் செல்லாதவரிடையே அவ்விகிதம் மிகுதி. கல்வி மூளைக்கு ஓரளவு காப்பாக அமைகிறது என்பது உண்மையே. அந்த மிகுதியில் எவ்வளவு நோயைச் சேர்ந்தது, எவ்வளவு வினாத்தாளைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதுதான் கடினம்.

தமிழ்நாட்டு வேலூரில் இதற்கு நேர்மாறான விந்தை ஒன்று நிகழ்ந்தது. வளரும் நாடுகளில் மறதிநோயை ஆராய 1998இல் அமைந்த "10/66" என்னும் பன்னாட்டுக் குழு, மறதிநோயாளருள் மூன்றில் இரு பங்கினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதன்று என்னும் குறையையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. வேலூர்க் கிராமங்களும் சென்னையும் அதன் ஆய்வுக் களங்களுள் அடங்கும். 2008இல் வெளிவந்த அதன் முடிவின்படி, அமெரிக்க மனநல மருத்துவரின் அளவுகோலைக் கொண்டு அளந்தபோது இந்தியக் கிராமத்தில் அறுபத்தைந்து வயதைக் கடந்தவருள் நூற்றுக்கு 0.3 பேரே, அதாவது ஆயிரத்திற்கு மூவரே, நோயாளர். குழுவினர் தாமே வகுத்த, கல்வியின் சாயல் குறைந்த அளவுகோலைக் கொண்டு அளந்தபோதோ, ஆராய்ந்த எந்நாட்டுக் களத்திலும் அவ்வெண் 5.6க்குக் கீழே இறங்கவில்லை. ஊர் ஒன்று, மக்கள் அவர்களே, மாறியது கோல் மட்டுமே. தாத்தா செய்யவேண்டிய வேலைகளை மருமகளும் பேரனும் சொல்லாமலே எடுத்துக்கொள்ளும் வீட்டில், "அன்றாட வேலை தடைப்படுகிறதா?" என்று கேட்டால் இல்லை என்னும் விடைதானே வரும்? ஸ்ரீ கெம்பாங்கான் ஆசிரியரின் மனைவியும் அவ்வாறே விடையளித்தார்.

மருத்துவர் மகளின் சொல்லையே எடைபோட்டார். ஆசிரியரின் முதுகுத்தண்டிலிருந்து சிறிது நீரெடுத்துப் பார்க்கலாம் என்றார். வீடு இரண்டுபட்டது. முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமற் போகும் என்று உறவினர் ஒருவர் சத்தியம் செய்தார். அவ்வச்சம் தமிழரிடையே ஆழமானது. முற்றிலும் ஆதாரமற்றது என்று தள்ளிவிடவும் கூடாது, எவரும் விளக்காதவரை அஞ்சுவது இயல்பு. தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே, முதலிரண்டு இடுப்பெலும்புக் கணுக்களின் அளவில் முடிந்துவிடுகிறது. ஊசி செல்வது அதற்கும் கீழே, மூன்றாம் நான்காம் கணுக்களுக்கிடையிலோ அதற்கு அடுத்த இடைவெளியிலோ ஆகும். அங்கே இருப்பவை நீரில் மிதக்கும் நரம்பிழைகள். ஊசி வந்தால் விலகிக் கொடுப்பவை. சிலருக்குப் பின்னர் ஓரிரு நாள் தலைவலி வருவதுண்டு. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த அந்நீர் எவ்வேளையும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாக ஊறும். எடுக்கப்படும் இரண்டு மூன்று தேக்கரண்டி அளவை உடல் சில மணி நேரத்தில் ஈடுசெய்துவிடும். ஜெர்மனியின் கீல் நகரில் ஹைன்ரிக் குவின்க்கே என்னும் மருத்துவர் 1891இல் இம்முறையை வகுத்தார்.

மலேசியர்க்கு இந்நீர் புதியதன்று. 1998 செப்டம்பரில் பேராக்கில் தொடங்கி நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகளைச் சூறையாடிய மூளைக்காய்ச்சலை, முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினர். புகையடித்தனர், தடுப்பூசி போட்டனர், சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சுவா காவ் பிங் என்னும் மருத்துவர், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து அதுவரை உலகம் அறியாத ஒரு நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். நிப்பா என்னும் பெயர் உலகெங்கும் பரவியது அங்கிருந்துதான். அத்தொற்றில் மொத்தம் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். கொசுவை விட்டுப் பன்றியின்பால் கவனத்தைத் திருப்பியது அச்சிறு குப்பியிலிருந்த நீரே.

நிப்பா நோயில் நீர் ஒரு கிருமியைக் காட்டியது. மறதிநோயில் கிருமி கிடையாது. அங்கே தேடப்படுவது புரதம்.

1901ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். கணவரின் பெயரும் தம் பெயரும் அவருக்குக் குழம்பின. 1906இல் அவர் இறந்தபின், அலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவருடைய மூளையை வெள்ளிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டான படிவுகளும், அணுக்களுக்கு உள்ளே முடிச்சிட்ட நூல் போன்ற சிக்கல்களும் காணப்பட்டன. அதன்பின் பல்லாண்டுகள் அந்நோயை ஐயமறத் துணிவதற்கு ஒரே வழி, நோயாளி இறக்கும்வரை காத்திருப்பது. விடைத்தாளைத் திருத்த மாணவன் இறக்கவேண்டும் என்பது போன்ற கொடுமை அது!

படிவு அமிலாய்டு பீட்டா என்னும் புரதத்தால் ஆனது என்பதும், சிக்கல் டௌ என்னும் புரதத்தால் ஆனது என்பதும் 1980களில் தெளிவாயின. 1990களில் அவ்விரண்டையும் உயிரோடிருப்பவரின் தண்டுவட நீரிலேயே அளந்தனர். சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரில் காய் பிளெனோவும் அவர்தம் குழுவினரும் இத்துறையை வளர்த்தோருள் முதன்மையானவர்கள். கிடைத்த விடை முதலில் வியப்பளித்தது. மூளையில் அமிலாய்டு குவியக் குவிய, நீரில் அது குறைந்தது. தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மங்கில் பால் உறைந்து ஒட்டுப்பாலாகிவிட்டால் வாளியில் பால் குறையும். அமிலாய்டின் 42 கண்ணிகள் கொண்ட வகை எளிதில் ஒட்டும் இயல்பினது. மூளையிலேயே உறைந்துவிடுவதால் நீருக்கு வந்து சேர்வது குறைகிறது.

டௌ புரதத்தின் கதை வேறு. நரம்பணுவின் நீண்ட கிளைகளுக்குள் நுண்குழல்கள் கால் நட்டு நிற்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டுகள் டௌ புரதங்கள். பந்தலின் மூங்கில்களைக் கட்டிய கயிறு நெகிழ்ந்து தனக்குத்தானே முடிச்சிட்டுக்கொண்டால் பந்தல் சரியுமல்லவா? பாஸ்பரஸ் சேர்மம் மிகுதியாக வந்தொட்டும்போது டௌ தன் இடத்தை விட்டு நீங்கிச் சிக்கலாகிறது, நீரிலும் மிகுகிறது. டௌவின் 181ஆம் கண்ணியிலும் 217ஆம் கண்ணியிலும் பாஸ்பரஸ் ஏறிய வகைகளை இன்று தனித்தனியே அளக்கின்றனர். அமிலாய்டு 42 குறைந்து, பாஸ்பரஸ் ஏறிய டௌ மிகுந்திருந்தால் அது அல்சைமர் நோயின் கையெழுத்து.

அளக்கும் அளவை எண்ணினால் மலைப்புத் தோன்றும். ஒரு மில்லிலிட்டர் நீரில் இப்புரதம் சில நூறு பிக்கோகிராம். ஒரு கிராமை இலட்சம் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு பிக்கோகிராம். அதனால் மிக அற்பமான பிழையும் பெரும்பிழையாகிவிடும். கண்ணாடிக் குழாயிலோ சாதாரண நெகிழிக் குழாயிலோ நீரை ஏந்தினால் அமிலாய்டு குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், அளவு குறைந்ததாகக் காட்டும், நோயற்றவர் நோயாளராகிவிடுவார். பாலிப்ரோப்பிலீன் குழாயில்தான் ஏந்தவேண்டும் என்று வகுக்கவே ஆய்வாளர்க்குப் பல்லாண்டுகள் ஆயின. இயல்பாகவே ஒருவருக்கு அமிலாய்டு மிகுதியாகவும் மற்றொருவருக்குக் குறைவாகவும் ஊறுவதுண்டு. ஆதலால் எளிதில் ஒட்டாத 40 கண்ணி வகையையும் அளந்து, 42க்கும் 40க்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கின்றனர். கடினமான தாளில் பெற்ற அறுபதையும் எளிய தாளில் பெற்ற அறுபதையும் ஒப்பிடும் ஆசிரியர் செய்வதும் இதுதான்.

வேறு நோய்களுக்கு வேறு புரதங்கள் உண்டு. மாதக்கணக்கில் மூளையைத் தின்றுவிடும் குரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய்க்கு 14-3-3 என்னும் விந்தைப் பெயருடைய புரதம் 1996இல் அடையாளமாகக் கூறப்பட்டது; மூளை வேறு வகையில் விரைந்து சேதமுற்றாலும் அது மிகும் என்பதால் தனித்து நம்புவதற்கில்லை. நரம்பிழைகளின் எலும்புக்கூடு போன்ற நியூரோஃபிலமென்ட் புரதம் எவ்வளவு அழிந்தது என்று சொல்லுமேயன்றி எதனால் அழிந்தது என்று சொல்லாது. பார்க்கின்சன் நோய்க்குரிய சோதனையோ உறைமோர் ஊற்றுவதை ஒத்தது. அந்நோயில் ஆல்பா சினூக்ளின் என்னும் புரதம் கோணலாக மடிகிறது. கோணிய ஒன்று தன்னருகே வரும் நேரான ஒன்றையும் கோணச் செய்கிறது. நோயாளியின் தண்டுவட நீரில் ஒரு துளியை, நல்ல சினூக்ளின் நிறைந்த கலத்தில் விட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால், துளியில் கோணல் புரதம் சிறிதளவு இருந்தாலும் கலம் முழுவதும் தயிராக உறைவதுபோல் திரளும். 2023இல் வெளியான ஆய்வொன்றில் 1,123 பேர் இவ்வாறு சோதிக்கப்பட்டனர். பார்க்கின்சன் நோயுள்ளவருள் ஏறத்தாழ நூற்றுக்கு 88 பேரின் நீர் திரண்டது.

இப்புரதங்களுள் எதற்கும் மொழி தெரியாது. பள்ளிக்குச் சென்றவரா என்று அவை கேட்பதில்லை. மலாயில் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் ஒரே விடை. திருக்குறளை எண் தவறாமல் ஒப்பிப்பவரிடம் அவை ஏமாறுவதும் இல்லை. ஆயினும் விடையைப் படிப்பவர் மனிதரே. எத்தனை பிக்கோகிராமுக்குக் கீழே நோய் என்னும் எல்லைக்கோடு பெரும்பாலும் ஐரோப்பியரையும் வெள்ளை அமெரிக்கரையும் கொண்டு வரையப்பட்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019இல் ஆப்பிரிக்க அமெரிக்கரின் தண்டுவட நீரில் டௌ சராசரியாகக் குறைந்திருப்பதைக் கண்டு அறிவித்தனர். ஒரே கோட்டை எல்லார்க்கும் போட்டால் அவர்களுள் நோயுற்ற சிலர் நலமுடையவராக எண்ணப்படுவர். தமிழர்க்கு அந்தக் கோடு எங்கே விழவேண்டும் என்பதைத் தமிழரின் நீரை அளந்தே காணவேண்டும். ஸ்ரீ கெம்பாங்கானை அடுத்து, 1931இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கி இன்று புத்ரா பல்கலைக்கழகமாக விளங்கும் வளாகத்தில், முதுமையை ஆராய்வதற்கென்றே 2002இல் ஒரு கழகம் அமைந்துள்ளது. பேருந்தில் ஏறினால் சில நிறுத்தங்கள்தாம். தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடிகளில் மூப்படைந்துகொண்டிருக்கும் ஒரு தலைமுறை அதன் வாசலருகேயே வாழ்கிறது. ஆய்வுக்கு இசையுமாறு அவர்களிடம் தமிழில் கேட்பவர் வேண்டும். முதுகில் ஊசி என்றால் என்னவென்று தமிழில் விளக்குபவரும் வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. அமிலாய்டு உறையத் தொடங்குவது மறதி தோன்றுவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்னரே. ஆதலின் நினைவு குன்றாத முதியோர் பலரின் நீரிலும் அது குறைந்திருக்கும். அவர்களுள் சிலர் மறதிநோய் வராமலே வாழ்ந்து முடிவர். நலமாயிருப்பவர் ஆவலால் நீரைச் சோதிப்பது அறிவுடைமையன்று. மூதாட்டிக்குச் செய்ததுபோல் தைராய்டையும் உயிர்ச்சத்து பி12 அளவையும் மனச்சோர்வையும் காதையும் கண்ணையும் பார்த்தபின், ஐயம் எஞ்சியிருந்தால்தான் ஊசி. வரும் ஆண்டுகளில் அந்த ஊசியும் அரிதாகலாம். தண்டுவட நீரின் அமிலாய்டு விகிதத்தை அளக்கும் சோதனைக்கு 2022 மே மாதத்தில் அமெரிக்க அரசு இசைவளித்தது. மூன்றே ஆண்டில், 2025 மே மாதத்தில், கையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் 217 டௌவையும் அமிலாய்டையும் அளக்கும் சோதனைக்கும் இசைவளித்தது. இரத்தச் சோதனை சரியா என்று உரைத்துப் பார்த்த கட்டளைக்கற்களுள் ஒன்று முதுகிலிருந்து எடுத்த நீரே.

ஆசிரியர் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டார். இளம் மருத்துவர் முதுகைத் தடவி இடம் பார்த்தபோது, "குனிந்து உட்காரும் பிள்ளையைத் திட்டியிருக்கிறேன், இப்போது என்னைக் குனியச் சொல்கிறார்கள்" என்றார். நீர் ஊற்று நீரைப்போல் தெளிவாக இருந்தது. முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. அமிலாய்டு விகிதம் தாழ்ந்திருந்தது; பாஸ்பரஸ் ஏறிய டௌ உயர்ந்திருந்தது.

மனைவிதான் முதலில் கேட்டார்: "தெரிஞ்சு என்ன டாக்டர் செய்யப்போறோம்? மருந்து இருக்கா?" நேர்மையான வினா அது. அமிலாய்டை அகற்றும் லெக்கனமாப் என்னும் மருந்துக்கு 2023இல் அமெரிக்கா முழு இசைவு வழங்கியது. நோயின் தொடக்கத்திலேயே, அமிலாய்டு உண்டென்று சோதனையால் மெய்ப்பிக்கப்பட்டவர்க்கே அது உரியது. பதினெட்டு மாத ஆய்வில், மருந்து பெறாதவரைவிடப் பெற்றவரின் சரிவு 27 விழுக்காடு மெதுவாக இருந்தது. நோய் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. மூளையில் வீக்கமும் கசிவும் வரும் ஆபத்தும் உண்டு. விலையும் எளிய குடும்பத்துக்கு எட்டாதது. மருத்துவர் இவற்றையெல்லாம் மறைக்காமல் கூறினார். குடும்பம் அம்மருந்தை நாடவில்லை. பழைய மாத்திரைகளோடு நிறுத்திக்கொண்டது.

ஆனால் வீட்டில் ஒன்று மாறியது. அந்த அம்மாள் கதவைச் சாத்துவதை விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பையனை அழைத்து, தாத்தா எங்கே நின்றாலும் கூட்டிவரச் சொல்லி வைத்தார். வங்கிக் கணக்கு மகளின் பெயருக்கும் சேர்த்து எழுதப்பட்டது. கையெழுத்துப் போட்டபோது ஆசிரியர் தாம் என்ன செய்கிறோம் என்பதை முற்றும் அறிந்திருந்தார். அலமாரியிலிருந்து வகுப்புப் படங்களை எல்லாம் இறக்கிவைத்து, காலையில் மனம் தெளிந்திருக்கும் வேளையில், ஒவ்வொரு படத்தின் பின்புறமும் மாணவர் பெயர்களை வரிசைப்படி எழுதிவருகிறார். கையெழுத்து இன்னும் கரும்பலகைக் கையெழுத்துதான். பழைய படங்கள் விரைவாக முடிந்தன. ஓய்வுபெற்ற ஆண்டின் படம் மட்டும் மேசையிலேயே கிடக்கிறது. அதில் மூன்றாம் வரிசையில் இரண்டு பெயர்களுக்கு இடம் விட்டிருக்கிறார்.